மின்விசிறி கண்டன்சர்: டெஸ்டர் காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: எங்கள் வீட்டு மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது. 2.5 மைக்ரோ ஃபாரட் (மின்சாரத்தைத் தேக்கும் திறனின் அளவு) என்று அச்சிட்ட கண்டன்சரை, விசிறியில் இருந்தபடியே என் மல்டிமீட்டரால் அளந்தேன். எண் நிலைகொள்ளவே இல்லை. கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனால், அவர்களுடைய கையடக்க டெஸ்டர் 2.05 காட்டியது. நானும் தனியாக ஒரு டெஸ்டர் வாங்க வேண்டுமா?

பதில்: விசிறிக்காக என்றால் வாங்க வேண்டாம். உங்கள் மல்டிமீட்டரே போதும். எண் நிலைகொள்ளாததற்குக் காரணம் வேறு. கண்டன்சரின் இரண்டு ஒயர்களும் மோட்டாருக்குள் இருக்கும் காயில்களோடு சேர்ந்திருக்கின்றன. அப்படியே அளந்தால் மீட்டர் காயிலையும் சேர்த்தே பார்க்கிறது. ஒரு ஒயரையாவது கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

அதற்கு முன் ரெகுலேட்டரை மட்டும் அணைத்தால் போதாது, மெயினையே அணையுங்கள். பிறகு கண்டன்சரின் இரு முனைகளையும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் சில விநாடிகள் இணைத்து, தேங்கிய மின்சாரத்தை இறக்குங்கள். இரு முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் நேரடியாகத் தொட்டு இணைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு, தயவுசெய்து வேண்டாம். இறக்காமல் விட்டாலோ, தேங்கிய மின்சாரம் உங்களுக்கும் அதிர்ச்சி தரும், மீட்டரையும் கெடுக்கும்.

இனி அந்த 2.05. இவ்வகைக் கண்டன்சரில் பெரும்பாலும் கூட்டியோ குறைத்தோ 5 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அதாவது 2.375 முதல் 2.625 வரை சரி. கடை டெஸ்டரில் 3 சதவீதப் பிழை இருப்பதாக வைத்துக்கொண்டாலும் உண்மை மதிப்பு 2.12ஐத் தாண்டாது. உங்கள் கண்டன்சர் தளர்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள். மீட்டர் மீதே சந்தேகம் என்றால், 1 சதவீதத் துல்லியமுள்ள ஃபிலிம் கண்டன்சர் ஒன்றை வாங்கி வைத்து அவ்வப்போது ஒப்பிட்டுப் பாருங்கள்.

டிவி, எல்.இ.டி. போர்டு பழுதுபார்ப்பவர்களுக்குக் கதை வேறு. 100 பிக்கோ ஃபாரட் (ஒரு பிக்கோ என்பது மைக்ரோவில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுள்ள சிறியவற்றை அளக்கும்போது, டெஸ்டரின் வெறும் ஒயர்களே சில பத்து பிக்கோ ஃபாரட் காட்டும். அதைக் கழித்துவிடும் ஜீரோ பொத்தான் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். போர்டுகளில் உருளை வடிவில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் வகையில் 20 சதவீத ஏற்ற இறக்கம் சகஜம். 1000 மைக்ரோ ஃபாரட் என்று அச்சிட்டது 870 காட்டினால் கவலை இல்லை. ஆனால் மதிப்பு சரியாக இருந்தும் உள்மின்தடை ஏறிக் கெட்டுப்போனவை ஏராளம். சாதாரண டெஸ்டருக்கு அது தெரியாது. மின்கசிவு இருந்தாலோ, உள்ளதைவிடக் கூடுதலாகக்கூடக் காட்டிவிடும். இந்த வேலைக்கு உள்மின்தடையையும் அளக்கும் எல்.சி.ஆர். மீட்டர்தான் காசுக்கேற்ற பொருள்.

உங்கள் விசிறிக்கு 2.5 மைக்ரோ ஃபாரட், 440 வோல்ட் ஏ.சி., ஐ.எஸ். 2993 (இந்தியத் தர எண்) என்று அச்சிட்டதைக் கேளுங்கள். வேகம் கூடும் என்று 4 மைக்ரோ ஃபாரட் போடச் சொல்வார்கள். காயில் சூடேறிக் கெட்டுப்போகும். காசு கொடுக்கும் முன், புதியதையும் அதே கடை டெஸ்டரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.