ஆசிட் அதிகமா ஊத்தினா ரப்பர் பால் சீக்கிரம் உறையுதே, அதுவும் சமநிலைதானா?

அண்ணே வணக்கம். நானும் சுங்கை சிப்புட்தான், ஃபார்ம் சிக்ஸ் படிக்கிறேன். கெமிஸ்ட்ரில ஈக்விலிப்ரியம் இப்பதான் முடிச்சோம். எதைச் சேர்த்தாலும் ரியாக்‌ஷன் அதைக் குறைக்கிற பக்கம் போகும், அதான் லெ சாத்தெலியே விதின்னாங்க. அப்புறம் பார்த்தா திடப்பொருள் சேர்த்தா மாறாது, ஆர்கான் சேர்த்தா மாறாது, கடைசில கான்சன்ட்ரேஷனே போதாது ஆக்டிவிட்டின்னு வேற ஒன்னு இருக்குங்கிறாங்க. மொதல்லயே சரியா சொல்லித் தந்தா என்னவாம்? எங்க தாத்தா ரப்பர் தோட்டத்துல பால் ஸ்டோர்ல வேலை செஞ்சவரு. ஆசிட் அதிகமா ஊத்தினா பால் சீக்கிரம் உறையும்பாரு. அதுவும் இதே விதிதானே?

*

தங்கச்சி, தாத்தா சொன்னது சரி, நீ அதுல விதியை ஒட்டினதுதான் சரியில்ல. ரப்பர் பால்ல இருக்கிற துகள் ஒவ்வொன்னுக்கும் மேல புரதத் தோல் இருக்கு, அதுல நெகடிவ் சார்ஜ், அதனால ஒன்னை ஒன்னு தள்ளிக்கிட்டு மிதக்குது. ஃபார்மிக் ஆசிட் ஊத்தினா பிஎச் இறங்கி அந்த சார்ஜ் போயிடும், துகளெல்லாம் ஒட்டிக்கும். கூட ஊத்தினா வேகமா ஒட்டும், அவ்வளவுதான், அது வேகத்தோட கதை. உறைஞ்ச கட்டி மேல எவ்வளவு அமோனியா ஊத்தினாலும் திரும்பப் பாலாகாது. திரும்பி வர வழி இல்லாத இடத்துல சமநிலைன்னு பேசவே முடியாதும்மா.

அதே ஸ்டோர்ல சமநிலை வேணும்னா உறையாம இருக்க அமோனியா போட்டு வச்ச பால் தோங்கை, அதான் பீப்பாயைப் பாரு. மூடி இருக்கிற வரைக்கும் பாலுக்குள்ள இருக்கிற அமோனியாவும் மேல காத்துல இருக்கிறதும் போறதும் வர்றதுமா சரிக்கு சரியா இருக்கும். தொறந்தா கண்ணு எரியுது பாரு, மேல இருந்தது வெளிய போகப் போக உள்ள இருந்து இன்னும் கிளம்பி வருது. மூடிட்டா மறுபடி ஒரு சமநிலை வரும், ஆனா முன்ன விடக் கம்மி அமோனியாவோட.

இந்த ரெண்டு பக்கமும் ஓடுங்கிற விஷயமே ஒரு காலத்துல யாருக்கும் தோணல. 1798ல நெப்போலியனோட எகிப்துக்குப் போன பிரெஞ்சு கெமிஸ்ட் பெர்த்தொலே, அங்க ஏரிக்கரையில சோடா படிஞ்சு கிடக்கிறதைப் பார்த்தாரு. உப்பும் சுண்ணாம்புக் கல்லும் சேர்ந்து சோடா ஆகியிருக்கு, லேப்ல நடக்கிறதுக்கு நேர் எதிர். எது எவ்வளவு இருக்குங்கிறதும் ரியாக்‌ஷன் போற பக்கத்தை முடிவு பண்ணும்னு அவருக்கு அங்கதான் பிடிபட்டுச்சு. அதை 1864ல நார்வேக்காரங்க குல்ட்பெர்க், வாகே ரெண்டு பேரும் கணக்காக்கினாங்க, 1884ல லெ சாத்தெலியே தன்னோட விதியைச் சொன்னாரு. (அந்த மனுஷனே 1901ல அமோனியா செய்யப் போய் உள்ள காத்து கலந்து வெடிச்சு, அதோட விட்டுட்டாரு. அப்புறம் அதுல ஜெயிச்சது ஹேபர்.)

இப்ப உன் கோபத்துக்கு வர்றேன். அந்த விதி பொய் இல்ல, சுருக்கு வழி. அசல் விஷயம் கியூவும் கேவும்தான். விளைபொருள் கான்சன்ட்ரேஷனைப் பெருக்கி, வினைபொருளோடதைப் பெருக்கி வகுத்தா இந்த நேரத்துல வர்ற நம்பர் கியூ, சமநிலைல அதே நம்பர்தான் கே. கியூ கேயை விடப் பெருசா இருந்தா ரியாக்‌ஷன் பின்னால போகும், சின்னதா இருந்தா முன்னால. திடப்பொருளும், அதே கொள்ளளவுல சேர்க்கிற ஆர்கானும் கியூவைத் தொடவே தொடாது, அதனாலதான் அங்க ஒன்னும் நடக்கல. நீ நினைக்கிற மாதிரி அதெல்லாம் விதிவிலக்கு இல்ல.

சுருக்கு வழி கவுக்கிற இடமும் இருக்கு. ஒரு நைட்ரஜனும் மூணு ஹைட்ரஜனும் சேர்ந்து ரெண்டு அமோனியா ஆகுதே, அந்தச் சமநிலைல நைட்ரஜன் 6 மோல், ஹைட்ரஜன் 3, அமோனியா 1 இருக்குன்னு வை, மொத்தம் 10. அழுத்தத்தை மாத்தாம இன்னும் 10 மோல் நைட்ரஜன் ஏத்து. நைட்ரஜன் கூடிடுச்சு, அமோனியா இன்னும் அதிகமா உண்டாகும்னு தானே சொல்லுவ? அழுத்தம் மாறக்கூடாதுன்னா கொள்ளளவு இரட்டிப்பாகணும், அப்ப ஹைட்ரஜன் நீர்த்துப் போகும், அது கியூவுல மூணு தடவை பெருக்கி நிக்குது. நைட்ரஜனை மட்டும் மாத்தினா இங்க கியூ மொத்த மோலோட வர்க்கத்தை நைட்ரஜன் மோலால வகுத்த மாதிரி மாறும். முன்ன 100ஐ 6ஆல வகுத்தா 16.7, இப்ப 400ஐ 16ஆல வகுத்தா 25. கியூ ஏறிடுச்சு, அதனால அமோனியா உடையும்! கொள்ளளவை மாத்தாம ஏத்தியிருந்தா விதி சொன்ன மாதிரியே முன்னாலதான் போயிருக்கும்.

ஆக்டிவிட்டியும், அதாவது ஒரு பொருள் நிஜமா எவ்வளவு வேலை செய்யுதுங்கிற அளவும், இதே வழில வந்ததுதான், அமெரிக்க கெமிஸ்ட் லூயிஸ் 1907ல கொண்டு வந்தாரு. சில்வர் குளோரைடு கரைஞ்ச தண்ணில பொட்டாசியம் நைட்ரேட் போடு. பொது அயனியே கிடையாது, ஆனா 0.01 மோலார் போட்டாலே கரைதிறன் சுமார் 10 சதவீதம் கூடும். சுத்தி நிக்கிற வேற அயனிங்க சில்வரையும் குளோரைடையும் சூழ்ந்து அடக்கி வைக்குது, அதனால கான்சன்ட்ரேஷன் காட்டுற அளவுக்கு அதுங்க வேலை செய்யறதில்ல. கே மாறல, நாம உள்ள போட்ட நம்பர்தான் சரியில்ல. டிபை, ஹியூக்கல்னு ரெண்டு விஞ்ஞானிங்க 1923ல அது எவ்வளவு தள்ளும்னு கணக்கு போட்டுக் காட்டினாங்க. நீர்த்த கரைசல்ல வித்தியாசம் சின்னது, அதனாலதான் ஃபார்ம் சிக்ஸ்ல கான்சன்ட்ரேஷனோட விட்டுடறாங்க, எனக்கு அதுல குறையே தெரியல. ஆனா அது கிட்டத்தட்டத்தான்னு முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லலாம், அந்த இடத்துல நீ கேட்டது நியாயம்.

எஸ்டிபிஎம் பரீட்சைல கேட்டா விதியை ஒரு வரில எழுதிட்டு கீழ கியூவை எழுது. அந்த நைட்ரஜன் கணக்கை 2, 6, 2ன்னு வச்சு, 1 மோல் மட்டும் ஏத்தி நீயே போட்டுப் பாரு, இந்த தடவை எந்தப் பக்கம் போகுதுன்னு எனக்கு எழுது.