வாழை வாடல்: எந்தப் பங்கசு? கேள்வி பதில்

கேள்வி (யாழ்ப்பாணம், நீர்வேலி விவசாயி): கதலித் தோட்டத்தில அடியிலை மஞ்சளாகி, காம்போட முறிஞ்சு தொங்குது. தண்டை வெட்டினா செங்கபிலக் கோடு. எதை வெட்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேணும்?

பதில்: முதலில் விவசாயப் போதனாசிரியருக்குச் சொல்லுங்கள்; நோய்த்துண்டை நீங்களே ஊரூராகக் கொண்டு திரியவேண்டாம். தண்டுத் துண்டொன்றைத் தெளிந்த நீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். பால்போல இழை வழிந்தால் பற்றீரியா, கதை வேறு. வழியாவிட்டால் வாடல் பங்கசாக இருக்கலாம்; நிற்கிற மரத்தின் தண்டிலிருந்து நிறம் மாறிய நாரை எடுங்கள். அழுகிய கிழங்கு வேண்டாம், அதில் மட்கல் பங்கசுகள் முந்திவிடும். ஒற்றுத்தாளில் நிழலில் உலர்த்திக் கடிதவுறையில் போடுங்கள். பொலித்தீன் பையில் வியர்த்துப் பழுதாகும். பல மாதிரிகள் கெடுவது இப்படித்தான்.

கேள்வி (விவசாயபீட மாணவி): வாழைத் துண்டிலிருந்து பங்கசை வளர்க்க வைத்த தட்டு முழுக்க வேறு பூஞ்சணம். என்ன பிழை?

பதில்: 5 மில்லிமீற்றர் துண்டை 1% சோடியம் ஐப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம் வைத்து, கிருமியழித்த நீரில் மும்முறை கழுவி, ஈரம் ஒற்றி எடுத்தபின் உருளைக்கிழங்கு ஏகாரில் (பங்கசு வளர்க்கும் கூழ்) வையுங்கள். 25 பாகையில் 5 முதல் 7 நாள். பிறகு தனிவித்திப் பிரிப்பு, அதாவது ஒரே வித்தியிலிருந்து வளர்த்தெடுப்பது. அதைச் செய்யாமல் விட்டால் இரண்டு பங்கசின் டிஎன்ஏ கலந்து, டிஎன்ஏ வரிசையைப் படிக்கும்போது இரட்டைச் சிகரம் தெரியும்.

கேள்வி: ஐடிஎஸ் (பங்கசை அடையாளம் காணப் படிக்கும் டிஎன்ஏ பகுதி) வரிசை, வாடல் பங்கசான ‘பியூசேரியம் ஒக்சிஸ்போரம்’ என்கிறது. போதுமோ?

பதில்: போதாது. நெருங்கிய பியூசேரியம் இனங்களை ஐடிஎஸ் பிரித்துக் காட்டாது. டெஃப்-1 அல்பா மரபணுவை எடுங்கள், ஏறக்குறைய 700 காரச்சோடி (டிஎன்ஏ நீள அலகு). அதுவும் எந்த நெருங்கிய இனக்கூட்டம் என்பதைத்தான் சொல்லும், நோய் தருமா என்பதை அல்ல. எந்த மண்ணிலும் தீங்கற்ற ஒக்சிஸ்போரம் இருக்கும். கவண்டிஷ் வாழையையும் வாட்டும் இப்பங்கசின் ‘வெப்பவலய 4’ வகைக்கு (டிஆர்4) 2010இல் வெளியான தொடக்கித் துண்டுகள் (பீசீஆர் எனும் டிஎன்ஏ பெருக்கலைத் தொடக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) 463 காரச்சோடி நீளப் பட்டை தரும். சில தீங்கற்ற பங்கசு வளர்ப்புகளும் அதே பட்டையைக் காட்டியதுண்டு. ஆகவே இன்னொரு மரபணுச் சோதனை, பிறகு குட்டிகளில் தொற்றுச் சோதனை. இது தாமதம்தான், ஆனால் தவறான அறிவிப்பால் ஒரு தோட்டம் அழியும்.

கேள்வி: பீசீஆரில் பட்டையே இல்லை.

பதில்: பீசீஆரைத் தடுக்கும் வாழைச் சாற்றுப் பொருளான பொலிபீனோல்தான் வழமையான குற்றவாளி. டிஎன்ஏயைப் பத்து மடங்கு ஐதாக்கி மறுபடி ஓட்டுங்கள். ஏற்கெனவே உறுதியான பங்கசு வளர்ப்பின் டிஎன்ஏக்கும் பட்டை வராவிட்டால் பீசீஆர் கலவையில் பிழை. டிஎன்ஏக்குப் பதில் வெறும் நீர் இட்ட குழாயில் பட்டை வந்தால் மாசு கலந்துவிட்டது; அன்றைய ஓட்டத்தையே கொட்டுங்கள்.

கேள்வி (நீர்வேலி): முடிவு வந்தபிறகு அதே இடத்தில நடலாமோ?

பதில்: இந்த வாடல் பங்கசுதான் என்றால் நடவேண்டாம்; அதன் தடித்த சுவர் வித்திகள் மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும், தெளிக்கும் மருந்து அதைத் தீர்க்காது. அந்தத் தோட்டக் குட்டி வேறெங்கும் போகக்கூடாது, இறைப்புத் தண்ணி அங்கிருந்து அடுத்த பாத்திக்கு ஓடவும் விடாதீர்கள். மண்வெட்டியைக் கழுவியே வெளியே எடுங்கள்.