1 டேபிள் ஸ்பூன் = 15 கிராம்? அந்த சார்ட்ட முதல்ல மூடி வைங்க

வாசகி ஒருத்தங்க கேட்டது: ரெசிபில மைதா 200 கிராம், சர்க்கரை 60, எண்ணெய் 50, உப்பு 6 கிராம்னு இருக்கு, வீட்டுல தராசு இல்ல, 1 டேபிள் ஸ்பூன் 15 கிராம்னு நெட்ல ஒரு சார்ட் பாத்து அளந்தேன், மாவு தண்ணியா ஓடிடுச்சு, எங்க தப்பு?

தப்பு சார்ட்லதாங்க. 15ங்கிறது மில்லி, கிராம் இல்ல. தண்ணிக்கு ரெண்டும் ஒண்ணா வரும், அதை அப்படியே எல்லாத்துக்கும் போட்டு விட்டுட்டாங்க. தலை தட்டுன ஒரு டேபிள் ஸ்பூன் மைதா சுமார் 8 கிராம்தான். நீங்க 13 ஸ்பூன் போட்டிருப்பீங்க, அது 105 கிராம் பக்கம், கேட்டதுல பாதி, அப்புறம் ஓடாம என்ன செய்யும்?

உங்க கணக்கு இதுதான். மைதா 25 டேபிள் ஸ்பூன், 240 மில்லி கப்புன்னா ஒன்றரை கப்பும் மேல ஒரு ஸ்பூனும். மாவை கிளறி விட்டு ஸ்பூனால கப்புல போடுங்க, கப்பையே டப்பாக்குள்ள விட்டு அமுக்கி அள்ளுனா ஒரு கப்புக்கு 20, 30 கிராம் கூடிரும். சர்க்கரை 5 டேபிள் ஸ்பூன், எண்ணெய் மூணே முக்கால். தூள் உப்பு தலை தட்டி 1 டீஸ்பூன், அதுவே 6 கிராம்.

ஆனா கல்லுப்புன்னா கதை வேற. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல காத்து நிக்கும், அதனால அதே டீஸ்பூன்ல எடை குறையும், செதில் செதிலா வர்ற உப்புல பாதிதான் இருக்கும், பெரிய கல்லா சின்ன கல்லாங்கிறத பொறுத்தும் மாறும். அதனால இதுக்கு ஒரே நம்பர் யாராவது சொன்னா நம்பாதீங்க, பொடிச்சு தூளாக்கிட்டு அளங்க. சமையல்ல ருசி பாத்து சேத்துக்கலாம், ரொட்டி மாவுல பாக்க முடியாது, உப்பு குறைஞ்சா ஈஸ்ட் கட்டுப்பாடு இல்லாம பொங்கும், அதிகமானா எழும்பாது.

அடுத்து ஸ்பூன் செட் விக்கிறவங்க. பிடில 15 மில்லின்னு அச்சடிச்சிருக்கும், உள்ள அவ்வளவு பிடிக்காது, கூடவே அந்த 15 கிராம் சார்ட்டையும் இலவசமா குடுப்பாங்க! வாங்குனதும் சோதிச்சுடுங்க, சளி மருந்தோட வர்ற 5 மில்லி சிரிஞ்ச நல்லா கழுவி மூணு தடவை தண்ணி ஊத்துங்க, டேபிள் ஸ்பூன் விளிம்பு வரைக்கும் நிறையணும். முன்னாடியே வழிஞ்சா ஸ்பூன் சின்னது. சாப்பிடுற ஸ்பூனால அளக்குறத பத்தி நான் பேசவே போறதில்ல.

எனக்கு எரிச்சல் ரெசிபி போடுறவங்க மேலயும்தான். ஆஸ்திரேலியால டேபிள் ஸ்பூன் 20 மில்லி, மத்த பல இடத்துல 15, கப்பு ஜப்பான்ல 200, அமெரிக்கால 240 பக்கம், இன்னும் சில நாட்டுல 250. எந்த கப்புன்னு ஒரு வரி எழுதுனா என்ன குறைஞ்சிடும்?

தராசு வாங்குறதா இருந்தா ஒண்ணு பாத்துக்கோங்க, சாதா கிச்சன் தராசு 1 கிராம் 1 கிராமாத்தான் காட்டும், 3 கிராம் ஈஸ்ட்ட அதுல நிறுத்தா கணிசமா தப்பும். அந்த மாதிரி சின்ன அளவுக்கு சோதிச்ச டீஸ்பூனே போதும், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் தலை தட்டி 1 டீஸ்பூன் சுமார் 3 கிராம்.