வீட்லயே வேலை, சொந்த வேலை: பெங்களூர் ஃப்ரீலான்ஸர்கள் கேட்டதும் என் பதிலும்

வேலைய விட்டுட்டு டிசைன், எடிட்டிங், இல்லஸ்ட்ரேஷன்னு ஃபுல் டைமா வீட்ல உக்காந்தவங்க நிறைய பேர் எழுதியிருந்தீங்க. ஒரே மாதிரி வந்த கேள்விய எல்லாம் சேத்துட்டேன்.

அக்கா, ஐ.டி. கம்பெனிக்கு போனப்ப யாரும் ஒண்ணும் கேட்டதில்ல. இப்ப மாமியார் "வீட்ல தானேம்மா இருக்க"ன்னு சிலிண்டர், தண்ணி, கொரியர் எல்லாத்தையும் என் தலைலயே கட்றாங்க. (இல்லஸ்ட்ரேட்டர், ராமமூர்த்தி நகர்)

அவங்க மேல கோவப்படாதீங்கம்மா. அவங்க பாத்த வரைக்கும் வேலைன்னா காலைல கெளம்பி போறது, மாசம் பொறந்தா சம்பளம் வர்றது. உங்க வீட்டுக்காரரும் வீட்லருந்துதான் வேலை பாக்கறாருன்னா கவனிச்சு பாருங்க, அவர் ஹெட்செட் மாட்டி கால்ல பேசிட்டு இருப்பாரு, அதனால யாரும் கூப்பிட மாட்டாங்க, நீங்க சத்தமில்லாம டேப்லெட்ல வரைஞ்சிட்டு இருப்பீங்க, அது பாக்கறவங்களுக்கு சும்மா இருக்கற மாதிரிதான் தெரியும். அதனால "தொந்தரவு பண்ணாதீங்க"ன்னு பொதுவா சொல்லாம நேரத்த சொல்லுங்க. "அத்த, பத்துலருந்து ஒண்ணு வரைக்கும் நான் ஆபீஸ் போயிட்டேன்னு வச்சுக்கோங்க, ஒண்ணு அடிச்சதும் எது வேணும்னாலும் கேளுங்க." சொன்னப்பறம் நீங்களே பதினோரு மணிக்கு ஹால்ல வந்து போன் பாத்துட்டு நின்னா அந்த பேச்சு அன்னிக்கே செத்துச்சு. காவேரி தண்ணி வர்ற நாள்ல சம்ப்புக்கு (தரைக்கு கீழ இருக்கற தண்ணி தொட்டி) எப்படியும் நீங்க எந்திரிச்சுதான் ஆகணும்னா அந்த நேரத்துக்கு வரையற வேலைய வைக்காதீங்க, இன்வாய்ஸ் போடறது, மெயில், ஃபைலுக்கு பேர் வைக்கிறது இதெல்லாம் வைங்க. அடுத்த பேமென்ட் வரும்போது பேங்க் மெசேஜ அத்தைகிட்ட காட்டுங்க. வேலைன்னு அவங்க நம்பறதுக்கு அது ரொம்ப உதவும்.

வேலை முடிச்சு குடுத்து மூணு மாசம் ஆச்சு, இன்னும் பணம் வரல. "சார்கிட்ட கேளுங்க, அக்கவுன்ட்ஸ்ல கேளுங்க"ன்னு அலைய விடறாங்க. என்ன பண்றது? (மோஷன் கிராஃபிக்ஸ், ஜே.பி. நகர்)

நான் எல்லாரையும் கெஞ்சி கேக்கற ஒரே விஷயம் உத்யம் பதிவு, அதாவது சின்ன தொழில் பண்றவங்க அரசாங்கத்துகிட்ட பண்ற பதிவு. ஆதார், பேன் இருந்தா போதும், அரசாங்க சைட்ல ஃப்ரீ, காசு கேக்கற சைட் எதுக்குள்ளயும் போயிடாதீங்க. 2006 எம்எஸ்எம்இ சட்டப்படி (சிறு, நடுத்தர தொழில்களுக்கான சட்டம்) மைக்ரோ, ஸ்மால்னு பதிவு பண்ண ஆளுங்களுக்கு அக்ரிமென்ட் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள்ல பணம் குடுத்தாகணும், எழுத்துல எதுவும் இல்லன்னா 15 நாள். தாண்டினா ரிசர்வ் பேங்கோட பேங்க் ரேட் மாதிரி மூணு மடங்கு வட்டி, மாசா மாசம் கூட்டு வட்டி. அதவிட பெரிய பிடி ஒண்ணு இருக்கு, அந்த கெடுவுக்குள்ள குடுக்கலன்னா பணம் குடுக்கற வரைக்கும் அந்த கம்பெனி அத செலவா காட்டி வரிய குறைக்க முடியாது, இது அவங்க ஆடிட்டருக்கு நல்லாவே தெரியும். அதனால இன்வாய்ஸ் கீழ உத்யம் நம்பரயும் பணம் வரவேண்டிய கடைசி தேதியையும் போடுங்க, "30 நாள்ல"ன்னு மொட்டையா எழுதாம தேதியாவே எழுதுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க, வேலைய ஒத்துக்கறதுக்கு முன்னாடியே பதிவு பண்ணி வச்சுக்கறதுதான் பாதுகாப்பு. உங்க இந்த மூணு மாச பாக்கிக்கு பதிவு இல்லன்னா, தேதி போட்டு எழுத்துல ஒரு மெயில், அப்புறம் வக்கீல் நோட்டீஸ். போன்ல மட்டும் கேட்டுட்டே இருக்காதீங்க. அடுத்த வேலைல இருந்து பாதி அட்வான்ஸ் வாங்காம ஃபைல திறக்கவே திறக்காதீங்க.

ஒரு மாசம் 90 ஆயிரம் வருது, அடுத்த மாசம் 12 ஆயிரம். வாடகை நெனச்சாலே பயமா இருக்கு. (அல்சூர்)

பயம் நியாயம்தான் தம்பி. வர்ற பணம் எல்லாம் ஒரு அக்கவுன்ட்ல விழட்டும், அதுலருந்து ஒண்ணாந்தேதி ஒரு சம்பளத்த வீட்டு அக்கவுன்டுக்கு நீங்களே போட்டுக்கோங்க, 90 வந்தாலும் 40தான், 12 வந்தாலும் 40தான். கம்பெனி கிளையன்ட் உங்களுக்கு குடுக்கற பணத்துலருந்தே 10% வரிய (டிடிஎஸ்) புடிச்சா அது உங்க பேன்ல ஏறியிருக்கான்னு வரி சைட்ல பாருங்க, சில பேர் புடிச்சுட்டு கட்டாம விட்டுடுவாங்க. டிடிஎஸ் போக வருஷத்துக்கு 10 ஆயிரத்துக்கு மேல வரி வரும்னு தெரிஞ்சா அட்வான்ஸ் டாக்ஸ் இருக்கு, அதாவது வரிய வருஷத்துக்குள்ளயே தவணையா கட்டணும், ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச், நாலுலயும் 15ஆம் தேதி. ஜிஎஸ்டி, வருஷ வரவு 20 லட்சம் தாண்டற வரைக்கும் வேண்டாம், சென்னை கிளையன்டுக்கு பண்ணினாலும் அதேதான்.

போட்டோ எடுத்து குடுத்தேன், இப்ப அவங்க அத விளம்பரத்துக்கும் போடறாங்க. உரிமை யாருக்கு? (ஃப்ரேசர் டவுன்)

போட்டோல கொஞ்சம் கஷ்டம்ங்க. 1957 காப்பிரைட் சட்டப்படி காசு குடுத்து எடுக்க சொன்ன போட்டோவுக்கு, வேற ஒப்பந்தம் இல்லன்னா எடுக்க சொன்னவருதான் முதல் ஓனர். அதனால எதுக்கெல்லாம் போடலாம், எத்தன வருஷம்னு கொட்டேஷன்லயே எழுதி அவங்ககிட்ட ஓகே வாங்கிடுங்க. எழுத்தாளர்களுக்கு நிலைமை பரவால்ல, உரிமைய எழுதிக்குடுத்து கையெழுத்து போட்டாத்தான் அது மாறும், காலம் குறிப்பிடலன்னா 5 வருஷம்தான்.

நாள் பூரா யார்கிட்டயும் பேசறதில்ல. (ஒயிட்ஃபீல்ட்)

வாரத்துல ஒரு நாளாவது லேப்டாப்ப எடுத்துட்டு வெளில கெளம்புங்க. கப்பன் பார்க்ல அந்த செவப்பு கட்டடம், ஸ்டேட் சென்ட்ரல் லைப்ரரி, மெட்ரோல ஏறினா போயிடலாம். ஆளுங்க நடுவுல உக்காந்தாலே மனசு லேசாகும். அப்படியும் சரியாகல, தூக்கம் கெடுதுன்னா டாக்டர பாருங்க, தள்ளிப்போடாதீங்க.

அடுத்த மாசம் ரிசைன் பண்றேன், ஆபீஸ் இன்ஷூரன்ஸ்ல அப்பா அம்மா இருக்காங்க. (எலக்ட்ரானிக் சிட்டி)

கடைசி வேலை நாளோட பெரும்பாலும் அந்த கவர் முடிஞ்சுடும். அதே இன்ஷூரன்ஸ் கம்பெனில தனி பாலிசிக்கு மாத்திக்க வழி இருக்கு, ஏற்கனவே இருக்கற நோய்க்கு கவர் கிடைக்க காத்திருக்கணும்ல, அந்த காத்திருப்பு காலத்துல ஏற்கனவே ஓடினது கணக்குல சேரும், அப்பாவுக்கு சுகர், பிபி இருந்தா இது ரொம்ப முக்கியம். ஆனா வேலைல இருக்கும்போதே கேக்கணும், நோட்டீஸ் பீரியட் முடியற வரைக்கும் காத்திருக்காதீங்க. எச்ஆருக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் இந்த வாரமே மெயில் போட்டுடுங்க.