டெல்லியில் கவிந்திருப்பது பராலிப் புகையா (அறுத்த நெல்வயலில் தாளை எரிக்கும் புகை), ராஜஸ்தான் புழுதியா, வெறும் மூடுபனியா என்று சாட்டிலைட் படத்தில் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஆனால் ஒரே படத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். மயூர் விஹார், ஆர்.கே.புரம் பக்கம் குடியிருக்கிறீர்கள், வீட்டில் இழுப்பு உள்ள யாரோ இருக்கிறார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நாசாவின் 'வேர்ல்ட்வியூ' தளம் இலவசம். இயல்பு நிறப் படத்தில் முதலில் டெர்ரா சாட்டிலைட்டைப் பாருங்கள், அது முற்பகலில் கடக்கும். பிறகு நோவா-20 சாட்டிலைட்டில் உள்ள விர்ஸ் கருவியின் படம், அது மதியம் ஒன்றரையை ஒட்டி. மூடுபனி வெள்ளை வெளேரென்று, ஓரம் கத்தரித்தது போல இருக்கும். வெயில் ஏற ஏற ஓரத்திலிருந்து கரையும். புகை சாம்பல் நிறம். அடியில் வயலும் ஆறும் மங்கலாகத் தெரியும், மதியத்திலும் கலையாது. புழுதி பழுப்பு மஞ்சள். தார் பாலைவனத்துக்கு மேலே இருக்கும்வரை மணலும் அதுவும் ஒரே நிறம் என்பதால் கண்ணில் படாது.

இன்னும் குழப்பமா? டெர்ராவில் உள்ள மோடிஸ் கருவியின் 7-2-1 பட்டைப் படத்துக்கு (அகச்சிவப்பும் சேர்த்த நிறப்படம்) மாறுங்கள். புகைத்துகள் மிக நுண்ணியது, நீண்ட அலைநீள ஒளி அதை ஊடுருவிவிடும். புகை மெலிந்துபோகும், மேகமும் மூடுபனியும் அப்படியே நிற்கும்.

ஏரோசால் இண்டெக்ஸ் (காற்றில் மிதக்கும் துகள்களின் குறியீடு) அடுக்கையும் சேருங்கள். அது ஏறினால் புகை அல்லது புழுதி. இறங்கினால் காற்று சுத்தம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். புற ஊதா ஒளியில் எடுக்கும் அளவீடு அது. நவம்பரில் டெல்லிப் புகை தரையோடு ஒட்டிக் கிடக்கும், அப்போது குறைத்துத்தான் காட்டும். ஏரோசால் ஆப்டிகல் டெப்த் (துகள்கள் ஒளியை எவ்வளவு மறைக்கின்றன என்ற அளவு) வரைபடத்தில் வேறு கோளாறு. கெட்டியான புகையை மேகம் என்று தள்ளிவிட்டு, மிக மோசமான இடத்தையே வெற்றிடமாக விட்டுவிடும்.

இனி, தீ எரியும் இடத்தைக் காட்டும் சிவப்புப் புள்ளிகள். விர்ஸ் தீப்புள்ளி ஒவ்வொன்றும் 375 மீட்டர் கட்டம். சாட்டிலைட் கடக்கும் நேரத்தில் எரிந்தால்தான் புள்ளி விழும். பஞ்சாபில் நாலு மணிக்கு வைத்த தீ இரவுச் சுற்றுக்குள் அணைந்துவிட்டால் கணக்கிலேயே வராது. இது தெரிந்தும் தொலைக்காட்சி விவாதங்களில் "புள்ளி குறைந்தது, எரிப்பு குறைந்தது" என்று அடித்துப் பேசுகிறார்கள். வாட்சப்பில் தேதியும் நிறக்குறிப்பும் வெட்டிய வரைபடம் சுற்றுகிறது. இதையெல்லாம் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. விவசாயிக்கு எதிராக எழுதுகிறேன் என்று யாராவது கிளம்பலாம். இல்லை. எண்ணும் முறையைத்தான் சொல்கிறேன். நெல் அறுப்பும் அடுத்த கோதுமை விதைப்பும் ஒன்றையொன்று நெருக்கும்போது அவருக்குக் கிடைப்பது சில வாரங்கள்தான். தாளை வாரி அகற்ற இயந்திரமும் கூலியும் யார் தருவது என்ற கேள்வியை அந்த வரைபடம் எதுவும் காட்டாது.

மே, ஜூனில் வரும் ஆந்திக்கு (புழுதிப் புயல்) மதியம் ஒன்றரை மணிப் படம் மட்டும் போதாது. 45.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஐரோப்பிய வானிலை சாட்டிலைட்டான மீட்டியோசாட்டின் 'டஸ்ட் ஆர்ஜிபி' என்ற நிறப்படம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை வரும், அகச்சிவப்பு என்பதால் இரவிலும் வேலை செய்யும். புழுதி அதில் ரோஸ் நிறம். இடிமேகத்திலிருந்து கிளம்பும் ஆந்தியாக இருந்தால் அந்த மேகமே மேலே மூடியிருக்கும், முன்விளிம்பு மட்டும்தான் தெரியும். இஸ்ரோவின் இன்சாட் படங்கள் 'மோஸ்டாக்' தளத்தில் கிடைக்கும். சாட்டிலைட் படங்களில் நேரம் பெரும்பாலும் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

சாட்டிலைட் மேலிருந்து கீழ்வரை மொத்தக் காற்றையும் பார்க்கிறது, நீங்கள் சுவாசிப்பது தரையில். அதனால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பக்கத்து நிலைய அளவைப் பாருங்கள். பிஎம் 10 (பெரிய துகளும் சேர்ந்த அளவு) எகிறி, பிஎம் 2.5 (நுண்துகள் மட்டும்) அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தால் பெரும்பாலும் புழுதி. பாதிக்கு மேலே போனால் பெரும்பாலும் எரிந்த புகை.

எங்கே எரிந்தது? அமெரிக்க வானிலை அமைப்பான நோவாவின் 'ஹைஸ்ப்ளிட்' தளத்தில், காற்று வந்த பாதையை 100, 500, 1000 மீட்டர் உயரங்களுக்கு 48 மணி நேரம் பின்னோக்கி ஓட்டுங்கள். மூன்று கோடும் முந்தின நாள் புள்ளி விழுந்த பஞ்சாப், ஹரியாணா வயல்கள் வழியாக வந்தால் பராலிப் புகைக்குப் பெரும் பங்கு உண்டு. கோடுகள் டெல்லியைச் சுற்றியே சுருண்டு கிடந்தால், பஞ்சாபை விட்டுவிட்டு ஊருக்குள் ஓடும் வண்டிகளையும் எரியும் குப்பையையும் பாருங்கள்.