2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசல் சரக்கு வேனை விற்கும்போது, வாங்க வருபவர் ஆயில் மூடியைத் திறந்து பார்ப்பது ஏன்?

அவர் தேடுவது 'பேக் கம்ப்ரெஷன்'. சிலிண்டருக்குள் அடைபட்டிருக்க வேண்டிய காற்றும் புகையும் பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் வளையம்) ஓரமாகக் கசிந்து, கீழே ஆயில் இருக்கும் பகுதிக்குள் இறங்குவதுதான் அது.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு அளவுக்கு அமுக்கி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. பல வருடம் லோடு இழுத்து ரிங் தேய்ந்தால் அமுக்கம் குறையும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ஆயிலும் குடிக்கும். வாஷர் தேய்ந்த சைக்கிள் பம்பு மாதிரிதான்: எவ்வளவு அடித்தாலும் காற்று டியூபுக்குப் போகாமல் பின்பக்கமாக வந்துவிடும்.

அதனால்தான் வண்டியை ஐடிலில் ஓடவிட்டு மூடியைக் கழற்றி, ஆயில் ஊற்றும் அந்த வாய் மேலேயே கவிழ்த்து வைப்பார்கள். மூடி துள்ளி, புகை குபுகுபுவென வந்தால் இன்ஜின் வேலைக்கான செலவை அப்படியே விலையில் கழித்துவிடுவார்கள். விற்பவர் முந்தின நாளே இதைப் பார்த்துவைப்பது நல்லது. அப்புறம் எஃப்.சி.யையும், அதாவது வண்டியின் தகுதிச் சான்றையும் பாருங்கள். 8 வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு அது வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. முடியும் தறுவாயில் இருந்தால் அதற்கும் பேரம் நடக்கும்.

ஒன்று, மூடியைத் திறந்ததும் லேசாக ஆவி தெரிந்தாலே இன்ஜின் போச்சு என்று பலர் பயப்படுகிறார்கள். நல்ல டீசல் இன்ஜினிலும் கொஞ்சம் ஆவி வரத்தான் செய்யும்.