ஒலி நாடகம்: கேளுங்கள், சொல்கிறோம்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அறிவியல் புனைவு ஒலி நாடகங்களைப் பற்றியவை. அதிலும் விண்கலத்தைவிட அதற்குள் மாட்டிக்கொண்ட மனிதர்களைத் துருவுகிற இருண்ட கதைகளைப் பற்றியே அதிகம் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: 'வுல்ஃப் 359' தொடர் ரொம்ப இருண்டது என்று சொன்னார்கள். நான் கேட்ட இரண்டு எபிசோடிலும் ஒரே அரட்டைதான். எத்தனை எபிசோட் கேட்டுவிட்டு ஒரு முடிவுக்கு வரலாம்? (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: முதல் சீசன் முடியும்வரை பொறுங்கள். கேப்ரியல் உர்பினா உருவாக்கி 2014 முதல் 2017 வரை வந்த அமெரிக்கத் தொடர் அது. பூமியிலிருந்து ஏறக்குறைய 8 ஒளியாண்டு தள்ளி, ஒரு சிவப்புக் குறு விண்மீனைச் சுற்றும் ஆய்வு நிலையம்தான் களம். தகவல் தொடர்பு அதிகாரி ஐஃபல், தலைவி மின்கவ்ஸ்கி, டாக்டர் ஹில்பர்ட், நிலையத்தை இயக்கும் கணினி மூளை ஹீரா ஆகிய நான்கு பேரோடுதான் கதை தொடங்குகிறது. வேலைக்கு டிமிக்கி கொடுக்கும் ஐஃபல் பதிவு செய்கிற தினக்குறிப்பாகத்தான் முதல் எபிசோடுகள் போகும். ஹில்பர்ட்டின் மருத்துவ அக்கறைகூட அங்கே வேடிக்கைதான். சீசன் முடிவில் அதே அக்கறையைத் திரும்ப நினைத்துப் பாருங்கள்.

இப்படிப்பட்ட தொடர்களைக் கேட்கும்போது, யார் எதைக் கேலி செய்து தப்பிக்கிறார், எந்தப் பேச்சு வந்தால் பேச்சை மாற்றுகிறார் என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். பின்னால் அடி விழும்போது அந்த இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் ஆரம்ப அரட்டை வீண் இல்லை. வேறெங்கோ விழுந்தால், நேரத்தைக் கடத்தியிருக்கிறார்கள் என்று தைரியமாக எழுதலாம். 2016-இல் வந்த 'ஹோம்கமிங்' மாதிரியான குறுந்தொடருக்கு இந்தச் சலுகை தேவையில்லை. அங்கே இரண்டு எபிசோடிலேயே தெரிந்துவிட வேண்டும்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் ஒலி நாடகப் போட்டி. தலைப்பு 'எதிர்காலம்'. வருவதெல்லாம் சோகமும் அலறலுமாக இருக்கிறது. எதை வைத்து மதிப்பெண் போடுவது? (பேராசிரியை, தஞ்சாவூர்)

பதில்: ஒவ்வொரு நாடகத்தையும் இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை ஹெட்போனில், நடுவே நிறுத்தாமல், பேனாவைத் தொடாமல். முடிந்ததும் நினைவிலிருந்து நான்கு விஷயம் எழுதுங்கள்: இது யாருடைய கதை, அவருக்கு என்ன வேண்டியிருந்தது, அதற்காக எதை விட்டுக்கொடுத்தார், எந்த இடத்தில் உங்கள் கவனம் கலைந்தது. முதல் மூன்றுக்கும் விடை வரவில்லை என்றால் ஒலியமைப்பு எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் நாடகம் தேறவில்லை. இரண்டாவது முறை, நிமிடக் கணக்கோடு குறிப்பெடுங்கள்.

நூற்றுக்குப் பாத்திரத்துக்கு 40, உரையாடலுக்கு 25, ஒலிக்கு 20, கதை உலகின் ஒழுங்குக்கு 15 என்று பிரிக்கலாம். நாற்பதில் பாதியை ஒரே கேள்விக்கு ஒதுக்குங்கள்: நாடகத்தின் மிக மோசமான நிகழ்வு, பாத்திரம் எடுத்த முடிவால் வந்ததா, தானாக வந்து விழுந்ததா? விண்கல் மோதி எல்லாரும் சாவது விபத்து. காற்று இருவருக்குத்தான் போதும் என்று தெரிந்தும் மூன்றாமவரிடம் சொல்லாமல் இருப்பதில்தான் நாடகம் இருக்கிறது.

உரையாடலுக்கு எழுத்துப் பிரதியை வாங்கி, பாத்திரப் பெயர்களை மறைத்துவிட்டுப் படியுங்கள். பேசுவது யார் என்று வாக்கியத்தை வைத்தே சொல்ல முடிய வேண்டும். இருவருக்கும் தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வரிகளைச் சுழியுங்கள். "கேப்டன், நாம் இந்த நிலையத்துக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது அல்லவா?" என்பது நமக்காகப் பேசுகிற பேச்சு. இதைப் பாருங்கள்:

"ஃபில்டர் மாத்தியாச்சா?"
"போன வாரமே சொன்னேனே."
"போன வாரம் நாம பேசிக்கல."

மூன்று வரியில் இடமும் வந்துவிட்டது, பகையும் வந்துவிட்டது. இருபது நிமிட நாடகத்தில் சுழித்த வரிகள் மூன்றைத் தாண்டினால் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

பதிவுக்குறிப்பு வடிவில் வரும் நாடகங்களில் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: இதை யார், எதற்காகப் பதிவு செய்கிறார்? உயிருக்கு ஓடுகிறவன் "இதோ ஒரு இரும்புக் கதவு, திறக்கிறேன்" என்று வர்ணித்துக்கொண்டே ஓட மாட்டான். 'ஹோம்கமிங்'கில் கதைசொல்லியே கிடையாது. மனநல ஆலோசனை அமர்வின் பதிவுகளும் தொலைபேசி அழைப்புகளும் நேர்ப்பேச்சுமாகவே கதை நகர்கிறது. கேட்பவர் ஒட்டுக்கேட்கிற நிலையில் இருப்பதால், குரலில் வரும் சின்னத் தயக்கம்கூடப் பயமாகிறது.

அலறல் பற்றி: 1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் சி.பி.எஸ். வானொலியில் ஆர்சன் வெல்ஸ் குழு நடத்திய செவ்வாய் கிரகப் படையெடுப்பு நாடகத்தை மாணவர்களுக்குப் போட்டுக்காட்டுங்கள். களத்திலிருந்து பேசும் நிருபரின் குரல் பாதி வாக்கியத்தில் அறுந்துபோகும். பிறகு சில நொடி ஒன்றுமே இருக்காது. நிருபராக நடித்த ஃபிராங்க் ரீடிக், 1937-இல் ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்தபோது பதிவான நேர்முக வர்ணனையைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் தயாரானார். நிஜமான பதற்றத்தில் குரல் கத்துவதைவிட உடைவதுதான் அதிகம்.

கேள்வி: யார் பேசுகிறார் என்றே குழம்புகிறது. என் காதில் கோளாறா, நாடகத்திலா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: பெரும்பாலும் நாடகத்தில்தான். ஒரே வயது நண்பர்கள், ஒரே அறை, ஒரே மைக், ஒரே தூரம் என்றால் எல்லாக் குரலும் ஒன்றாகத்தான் கேட்கும். ஒரு காட்சியில் மூன்று பேருக்கு மேல் பேசினால் நல்ல காதும் திணறும். புதிதாக நுழைபவரின் பெயர் இரண்டு பேச்சுக்குள் வந்துவிட வேண்டும். ஆள் பற்றாக்குறையைச் சாக்காக ஏற்காதீர்கள்: 'வுல்ஃப் 359'-இல் ஐஃபல், ஹில்பர்ட் இருவரும் ஸாக் வாலன்டி ஒருவரின் குரல்தான். ஹில்பர்ட்டின் ரஷ்ய உச்சரிப்பும் பேச்சின் வேகமும் இருவரையும் பிரித்துவிடுகின்றன.

மைக் தூரமும் முக்கியம். மனதுக்குள் பேசுவதற்கு ஒரு சாண் தூரத்துக்கும் குறைவாக நெருங்கலாம். எதிரெதிரே பேச 20–30 செ.மீ. வேண்டும். தள்ளி நிற்பவர் நிஜமாகவே தள்ளி நின்று, முகத்தைத் திருப்பிப் பேச வேண்டும். நெருங்கிப் பேசிய குரலில் எதிரொலியை மட்டும் சேர்த்தால் அடித்தொனி அப்படியே தங்கிவிடும். அதனால்தான் ஆள் தூரத்தில் இருப்பதாகத் தோன்றுவதில்லை. மறுபதிவுக்கு வழியில்லாவிட்டால் முதலில் 150–200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியைக் குறைத்துவிட்டு, பிறகு எதிரொலி சேருங்கள்.

கேள்வி: ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டுவிட்டு விமர்சனம் எழுதலாமா? (வாசகி, கோவை)

பதில்: கூடாது. இந்த வகை நாடகத்தில் மௌனமும் வசனம்தான். சில செயலிகளில் மௌனத்தைத் தானாக வெட்டும் வசதி இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: அறிவியல் பிழைக்கு எவ்வளவு மதிப்பெண் குறைக்க வேண்டும்? (பள்ளி ஆசிரியர், திருச்சி)

பதில்: பிழை கதையின் முடிச்சில் இருந்தால் முழுதாக, ஓரத்தில் இருந்தால் லேசாக. பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒரு செய்தி போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். அங்கிருப்பவர் பூமியோடு சண்டை போடுகிறார், பதில் உடனுக்குடன் வருகிறது என்றால், அதற்கு ஒரு விதியைக் கதையே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் நல்ல நாடகத்தையும் தவறவிட்டார்கள்: மன்னிப்புக் கேட்டுவிட்டு நாற்பது நிமிடம் பதிலுக்குக் காத்திருப்பது எவ்வளவு பெரிய காட்சி!

அப்போலோ காலத்து 'பீப்' சத்தத்தை எல்லாரும் இரவல் வாங்குகிறார்கள். 2525, 2475 ஹெர்ட்ஸில் கால் நொடி ஒலிக்கும் அந்த இரண்டு சத்தங்களும் பூமியிலிருந்த தொலைதூர நிலையங்களின் ஒலிபரப்பியை இயக்கவும் நிறுத்தவும் வைத்தவை. இரண்டு விண்வெளி வீரர்கள் தங்களுக்குள் பேசும்போது அது வருவது வெறும் அலங்காரம். அரை மதிப்பெண்ணுக்கு மேல் குறைக்காதீர்கள். ஹெல்மெட்டுக்குள் பேசும் குரலுக்குக் கல்யாண மண்டப எதிரொலி வைத்திருந்தால் தாராளமாகக் குறைக்கலாம்.

கேள்வி: எங்கள் நாடகத்தில் வசனம் கேட்கவில்லை, வெடிச்சத்தம் காதைக் கிழிக்கிறது என்கிறார்கள். எங்களுக்கு எல்லாம் தெளிவாகத்தானே கேட்கிறது? (மாணவர் குழு, சென்னை)

பதில்: உங்களுக்கு வசனம் மனப்பாடம், புதைந்து கிடந்தாலும் கேட்கும். பிரதியைப் பார்க்காத ஒருவரை, மின்விசிறி ஓடும் அறையில், போன் ஸ்பீக்கரில் கேட்டு வசனத்தை எழுதச் சொல்லுங்கள். விட்டுப்போன சொற்கள்தான் நீங்கள் சரிசெய்ய வேண்டிய இடங்கள். இசையை மொத்தமாகக் குறைப்பதைவிட, வசனத்தின் அடியில் வரும் இடத்தில் 1–4 கிலோஹெர்ட்ஸ் பகுதியை மட்டும் 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள். மெய்யெழுத்துகள் தெளிவது அங்கேதான். பிறகு மொத்தக் கலவையையும் மோனோவாக்கி, அதாவது இடது வலது ஒலிகளை ஒன்றாக்கிக் கேளுங்கள், ஒற்றைக் காதில் இயர்போன் மாட்டுகிறவர்கள் நிறைய.

கடைசியாக ஒட்டுமொத்த ஒலியளவு. ஸ்டீரியோவுக்கு −16 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சராசரி ஒலியளவின் அலகு), உச்சம் −1 டெசிபல் என்பது பாட்காஸ்ட் வழக்கம். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' (ஒலியளவைச் சீராக்கும் வசதி) −23 என்று வந்து நிற்கும். அதை −16 ஆக்குங்கள். மோனோ கோப்பாக இருந்து, அதை இரண்டு ஸ்பீக்கரிலும் ஒலிப்பதாகக் கணக்கிடும் 'டூயல் மோனோ' கட்டத்தில் டிக் இருந்தால் அதே −16 போதும், டிக்கை எடுத்துவிட்டால் −19 கொடுங்கள். இது மொத்த அளவைத்தான் நகர்த்தும். வெடிச்சத்தத்துக்கும் வசனத்துக்கும் உள்ள இடைவெளியை மிக்ஸிங்கிலேயே குறைத்தாக வேண்டும்.